லயனல் பொம்மை நீராவி என்ஜின்களை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லயனல் கம்பெனியை ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கினார். தொழிற்சாலை பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-ல், பொம்மை ரயில் செய்வதை நிறுத்தினார்கள். 1945 கடைசியில் மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து 1969 வரை வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் 'போருக்குப் பிந்தைய லயனல்' என்று ஒரே கூட்டமாகச் சொல்வார்கள். இந்தப் பக்கம் அந்தக் காலத்து நீராவி என்ஜின்களைப் பற்றியது. நீராவி என்றால் உருவத்தில்தான், ஓடுவதெல்லாம் மின்சாரத்தில். 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், நடுவில் மின்சாரத்துக்கு மூன்றாவது ஒரு கம்பி.

எனக்கு வரும் கேள்விகளில் பாதி "இது என்ன என்ஜின்?" என்பது. மீதிப் பாதி "இது அபூர்வமா?" என்பது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

ஒரே எண் போட்ட இரண்டு என்ஜின்கள் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?

ஒரே எண்ணைப் பல வருடம் விற்றார்கள் என்பதுதான் காரணம். 736 என்ற பெர்க்‌ஷயர் என்ஜின் 1950-ல் வந்தது, 60-களின் நடுப்பகுதி வரை கடையில் இருந்தது. அத்தனை வருடத்தில் அச்சு தேயும், செலவைக் குறைக்க ஒரு பாகத்தை மாற்றுவார்கள், ஒரு பொருள் கிடைக்காமல் போகும், கிடங்கில் மிஞ்சிய பழைய பாகத்தைத் தீர்ப்பதற்காகப் புது என்ஜினில் போடுவார்கள். இவை எல்லாமே பொம்மையில் தடம் விட்டிருக்கின்றன. அந்தத் தடங்களைத்தான் 'வேரியேஷன்' என்கிறோம்.

கையில் ஒரு என்ஜின் இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

எல்லோரும் முதலில் கேபின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். பாருங்கள், தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எண் சொல்வது மாடலை மட்டும்தான், வருடத்தை அல்ல.

நான் செய்வது இது. ஒரு துண்டுத் தாளில் என்ஜினின் பாகங்களை ஒவ்வொன்றாக எழுதுவேன்: புகை அமைப்பு, சக்கரத்தில் காந்தம், எண் அச்சிட்ட விதம், பின் சக்கரத் தொகுதி, டெண்டரின் (என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) எண், டெண்டரின் சக்கரச் சட்டம், வண்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வந்தது என்று எழுதுவேன். எல்லா வரியும் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்தால், அந்த என்ஜினும் டெண்டரும் தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு வரி மட்டும் தனியாக நின்றால், அந்தப் பாகம் பிற்பாடு வந்து சேர்ந்ததாக இருக்கலாம். இதற்குப் பெரிய அனுபவம் தேவையில்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் போதும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

டெண்டரில் 'டபிள்யூ' இருந்தால் விசில் உள்ள டெண்டர். 'டி' இருந்தால் விசில் கிடையாது. 6466டபிள்யூ, 6466டி இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். விசிலுக்கு உள்ளே ஒரு சின்ன மோட்டாரும் காற்று ஊதும் அறையும் இருக்கும்.

என்ஜின் எண்ணின் பின்னால் 'ஆர்ஆர்' என்று வந்தால் அது 1952. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

671-ம் 2020-ம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஒன்று போலியா?

இல்லை, இரட்டைப் பிள்ளைகள். லயனல் இரண்டு வரிசைகளில் ரயில் விற்றது: விலை கூடிய 'ஓ' வரிசை, விலை குறைந்த 'ஓ27' வரிசை. ஒரே என்ஜினுக்கு இரண்டு வரிசையிலும் வேறு வேறு எண் கொடுத்தார்கள். 671-க்கு ஓ27-ல் 2020. 646-க்கு 2046. 685-க்கு 2055. 665-க்கு 2065.

இந்தக் கடைசி நான்கில் ஆட்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். 665, 2065 இரண்டுக்கும் பாய்லரின் முன்நெற்றியில் உருளை மாதிரி ஒரு நீர் சூடாக்கி துருத்திக்கொண்டு நிற்கும். 685, 2055-ல் அது கிடையாது. எண் அழிந்துபோன என்ஜின் கைக்கு வந்தால் முகத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

671 டர்பைன் என்ஜின் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேரியேஷன் என்றால் என்ன என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு என்ஜினைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பென்சில்வேனியா ரயில்வே 1944-ல் ஒரே ஒரு எஸ்-2 டர்பைன் என்ஜினை ஓட்டத்தில் விட்டது. அதன் எண் 6200. சக்கர அமைப்பு 6-8-6, அதாவது முன்னால் 6 சின்னச் சக்கரம், நடுவில் 8 பெரிய சக்கரம், பின்னால் 6 சின்னச் சக்கரம். நிஜத்தில் ஒன்றுதான் இருந்தது. லயனல் அதைப் பொம்மையாக்கி அமெரிக்கா முழுவதும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. என்ஜின் முகத்தில் 6200 என்றும் கேபினில் 671 என்றும் இருப்பதைப் பார்த்து "எண் மாறியிருக்கிறதே" என்று பதற வேண்டாம். முகத்தில் இருப்பது நிஜ என்ஜினின் எண், கேபினில் இருப்பது லயனலின் விற்பனை எண்.

முதலில் புகைபோக்கிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். 1946-ல் லயனல் முதன்முதலாகப் புகை விடும் என்ஜின்களைக் கொண்டுவந்தபோது சூடு கொடுத்தது ஒரு மின்விளக்கு. முன்விளக்கும் அதே, அடுப்பும் அதே. பல்பின் மேல்பக்கம் சின்னக் குழி இருக்கும். புகைபோக்கி வழியாகப் போட்ட மாத்திரை அந்தக் குழியில் போய் உட்கார்ந்து புகையும். அந்த மாத்திரை அம்மோனியம் நைட்ரேட். இது அவ்வளவு சரியாக வேலை செய்யவில்லை. 1947-லிருந்து சூடேறும் கம்பிச் சுருளுக்கு மாறினார்கள், மாத்திரையும் மாறியது. ஆகவே குழி விழுந்த பல்பு இருந்தால் 1946.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல்பு அமைப்பைக் கம்பிச் சுருளாக மாற்ற 671எஸ் என்று ஒரு மாற்றுத் தொகுப்பை லயனலே விற்றது. அன்றைக்குக் குழந்தைகளுக்கு நன்றாகப் புகை வந்தால் போதும், நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள். எனவே மற்ற எல்லாம் 1946 என்று சொல்லி, புகை அமைப்பு மட்டும் 1947 என்று சொன்னால் அது ஏமாற்று வேலை இல்லை. யாரோ ஒரு அப்பா கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வந்திருக்கிறார். எனக்கு அப்படிப்பட்ட என்ஜின்கள் மேல் தனிப் பிரியம் உண்டு.

அடுத்து இந்தக் குடும்பத்தின் வரிசை. 1946 முதல் 1949 வரை 671. 1950-ல் சக்கரத்தில் காந்தம் சேர்த்து 681 ஆக்கினார்கள். 1952-ல் காந்தம் இல்லாமல் 671ஆர்ஆர். 1953-ல் மறுபடி 681. 1954-ல் 682, இதன் நடைபலகை ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடும், பக்கவாட்டில் எண்ணெய் ஊட்டும் கருவிக்கான ஒரு மெல்லிய இணைப்புக் கம்பி சக்கரத்தோடு சேர்ந்து ஆடும். வெள்ளைக் கோட்டை யார் வேண்டுமானாலும் வரையலாம். அந்தக் கம்பியைப் பாருங்கள்.

டெண்டரில் பென்சில்வேனியா என்று எழுதியிருக்கிறது, கீழே 12 சக்கரங்கள் இருக்கின்றன என்றால் அது 2671டபிள்யூ, 1948-லிருந்து வந்தது. அதே பெயர், ஆனால் 8 சக்கரம் என்றால் 2046டபிள்யூ-50. 682-க்கு உரியது அதுதான். 682-க்குப் பின்னால் 12 சக்கர டெண்டரை மாட்டி விற்கிறார்கள் என்றால், பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஜோடி அதுவல்ல.

1952 என்ஜின்களுக்கு மட்டும் ஏன் காந்தம் இல்லை?

'மேக்னட்ராக்‌ஷன்' என்ற பெயரில் 1950-ல் லயனல் சக்கர அச்சுகளுக்கிடையே அல்னிகோ காந்தம் வைத்தது. சக்கரம் தகரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், மேட்டில் வழுக்காது, அதிகப் பெட்டி இழுக்கும். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை. கொரியப் போர் வந்ததும் இந்த உலோகங்கள் ராணுவத்துக்குப் போய்விட்டன, பொம்மைக் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. 1952-க்கு மட்டும் காந்தமில்லாத என்ஜின்கள் வந்தன: 671ஆர்ஆர், 726ஆர்ஆர், 2046-க்குப் பதிலாக 2056.

671ஆர்ஆர் எல்லாவற்றிலும் 'ஆர்ஆர்' அச்சாகியிருக்காது. வெறும் 671 என்று மட்டும் போட்டவையும் வந்தன. அப்போது 1949 வரை வந்த 671-லிருந்து இதைப் பிரித்துச் சொல்ல மற்ற பாகங்களின் வருடத்தைத்தான் கேட்க வேண்டும்.

காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். என்ஜினைத் தலைகீழாகப் பஞ்சு மெத்தை மேல் வையுங்கள். ஒரு குண்டூசியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பெரிய சக்கரங்களின் அருகே கொண்டுபோங்கள். ஊசி சக்கரத்தை நோக்கித் துள்ளினால் காந்தம் உண்டு. பட்டும் படாமலும் தொங்கினால் இல்லை. மோட்டாரின் பக்கம் போகாதீர்கள், அங்கே மின்சாரம் விட்டபின் மிஞ்சிய லேசான காந்தம் இருந்து ஏமாற்றும்.

எண் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் கேபின் மேல் சரிவாக விழும்படி வையுங்கள். என்ஜினைக் கையில் மெதுவாகத் திருப்புங்கள். சூட்டு அச்சு என்றால் எண்ணின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். சூடேறிய உலோக எழுத்தை நிறத் தகட்டின் மேல் வைத்து அழுத்தியதால் எழுத்து பெயின்டுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். நகத்தை லேசாக வைத்தால் பள்ளம் தட்டும். ரப்பர் முத்திரை என்றால் பள்ளம் இருக்காது. மை மேலே உட்கார்ந்திருக்கும். எழுத்தின் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் திரண்டும் இருக்கும், நம் ஊர் தாலுகா ஆபீஸ் முத்திரை மாதிரி.

லயனல் இரண்டையும் பயன்படுத்தியது. ஒரே மாடலிலேயே முதல் வருடங்களில் வெள்ளி நிறச் சூட்டு அச்சும், பிறகு வெள்ளை ரப்பர் முத்திரையும் வந்ததுண்டு. 681 அதற்கு நல்ல உதாரணம். திரும்பப் பெயின்ட் அடித்தவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். சூட்டு அச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்படமோ ரப்பர் முத்திரையோ இருந்தால் பெயின்ட் புதிது. இன்னொரு அடையாளம்: எண் இருந்த பழைய பள்ளத்தின் மேல் புது பெயின்ட் அடித்திருப்பார்கள். சரிந்த வெளிச்சத்தில் அழிந்த எண் ஆவி மாதிரி தெரியும்.

டெண்டரின் சக்கரச் சட்டத்தை வைத்து வருடம் சொல்லலாமா?

8 சக்கர டெண்டர் என்றால் சொல்லலாம். டெண்டரைப் பக்கவாட்டில் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, சக்கரச் சட்டத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். குறுக்குத் தகட்டின் முனை, தாளில் அடித்த ஸ்டேப்ளர் பின் மாதிரி சட்டத்தோடு மடிந்து பிடித்திருந்தால் பழையது. ஏறத்தாழ 1951 வரை. அதே இடத்தில் ஒரு சின்னச் செவ்வகக் கட்டை நேராக வெளியே எட்டிப் பார்த்தால் அதற்குப் பிந்தையது. 50-களின் பிற்பகுதியிலிருந்து பிளாஸ்டிக் சட்டம் வர ஆரம்பித்தது.

இணைப்பியும் பேசும். 1945-ல் வந்த முதல் செட்டிலேயே, 224 என்ஜின் இழுத்த 463டபிள்யூ என்ற செட், விரல் மடக்கியது போன்ற புது இணைப்பி வந்துவிட்டது. ஆரம்பத்தில் அதைத் திறக்க உள்ளே ஒரு மின்சுருள் இருந்தது, அதற்கு மின்சாரம் எடுக்க அடியில் தண்டவாளத்தின் நடுக்கம்பி மேல் வழுக்கிச் செல்லும் செருப்பு மாதிரி ஒரு தகடு. 1948-லிருந்து தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் காந்தமே கீழே இழுத்துத் திறக்கும்படி சுலபமாக்கினார்கள்.

பெர்க்‌ஷயர் என்ஜினுக்குப் பென்சில்வேனியா டெண்டர் இருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?

நிஜ ரயில்வே தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. பென்சில்வேனியா ரயில்வேயிடம் 2-8-4 பெர்க்‌ஷயர் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆனால் 736-க்கு அப்படி ஒரு டெண்டரை மாட்டியது லயனலேதான். தொடக்கத்தில் 'லயனல் லைன்ஸ்' என்று எழுதிய 12 சக்கர 2671டபிள்யூஎக்ஸ், பிறகு 2046டபிள்யூ, 60-களில் பென்சில்வேனியா என்று எழுதிய 736டபிள்யூ. பொம்மையை நிஜ ரயில்வே வரலாற்றை வைத்து அளந்தால் நல்ல என்ஜினைப் போலி என்று ஒதுக்கிவிடுவோம்.

773 ஹட்சன் என்ஜின் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிலை இரண்டு தடவை படியுங்கள். 773 இரண்டு முறை வந்தது. 1950-ல், கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டில் ஒரு முறை. பிறகு 1964 முதல் 1966 வரை. முதல் தடவை வந்ததுதான் எல்லோரும் தேடுவது.

வித்தியாசம் சிலிண்டர் பெட்டியின் மேல். 1950 என்ஜினில் சிலிண்டருக்கு மேலே, வால்வு நகரும் வழிகாட்டி வார்ப்பிலேயே புடைத்து வந்திருக்கும். 1964 வார்ப்பில் அது இல்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கும். டெண்டரும் வேறு. 1950-க்கு 2426டபிள்யூ, முழுக்க உலோக வார்ப்பு, 12 சக்கரம், கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும். 1964-லிருந்து வந்தவற்றுக்குப் பிளாஸ்டிக் உடல் கொண்ட டெண்டர்: பென்சில்வேனியா என்று எழுதிய 736டபிள்யூ, அல்லது நியூயார்க் சென்ட்ரல் என்று எழுதிய 773டபிள்யூ.

சிக்கல் என்னவென்றால் அந்த 2426டபிள்யூ டெண்டர் 726 பெர்க்‌ஷயருடனும் 1946 முதல் 1949 வரை வந்தது. தனியாகக் கிடைக்கும். 1964 என்ஜினுக்குப் பின்னால் அதை மாட்டினால் பார்ப்பவர் கண் நேராக டெண்டருக்குப் போகும், "ஆஹா, 1950" என்று மனம் முடிவுகட்டிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு விற்பனையாளரிடம் டெண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தது, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்தபோது சிலிண்டரின் மேல் பக்கம் வழவழவென்று இருந்தது. கேட்டதற்கு, "வருடம் எதுவும் நான் சொல்லவில்லையே" என்றார். அவர் சொல்லவில்லைதான். டெண்டரைக் காட்டினார், நானாக முடிவுகட்டிக்கொண்டேன். இன்றைக்கு எந்த என்ஜினாக இருந்தாலும் முதலில் டெண்டரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு என்ஜினை மட்டும் பார்க்கிறேன். அப்புறம்தான் டெண்டர்.

746-ல் 'நீளக் கோடு', 'குட்டைக் கோடு' என்கிறார்களே?

746 என்பது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஜே வகை என்ஜின், 1957 முதல் 1960 வரை வந்தது. நிஜத்தில் அந்த வகையில் இன்று மிஞ்சியிருப்பது 611 ஒன்றுதான். பாய்லரிலிருந்து டெண்டர் வரை சிவப்புப் பட்டை ஓடும், ஓரத்தில் மஞ்சள் கோடு. சில டெண்டர்களில் பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளும், சிலவற்றில் முன்னதாகவே நின்றுவிடும். நீளக் கோடு குறைவாகக் கிடைக்கிறது, ஆகவே விலை அதிகம். எல்லாமே டெண்டரில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டெண்டரை மட்டும் மாற்றினால் வேரியேஷனே மாறிவிடும். பட்டையின் சிவப்பு என்ஜினிலும் டெண்டரிலும் ஒரே அளவுக்கு மங்கியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இளஞ்சிவப்பு என்ஜின் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

1957-ல் சிறுமிகளுக்கென்று 1587எஸ் என்ற செட் வந்தது. என்ஜின் 2037-500, இளஞ்சிவப்பு. பெட்டிகள் இளமஞ்சள், வெளிர்நீலம், இளம் ஊதா. சிறுமிகளுக்குப் பிடிக்கவில்லை, அவர்களும் அண்ணன் தம்பியிடம் இருந்தது போன்ற கறுப்பு நிஜ ரயிலைத்தான் கேட்டார்கள். விற்காமல் தேங்கிய அதே செட் இன்று முழுமையாகக் கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் போகிறது.

போலி செய்வது எவ்வளவு சுலபம் என்று யோசியுங்கள். கறுப்பு 2037 பல வருடம் வந்த, எங்கும் கிடைக்கிற என்ஜின். அதை எடுத்து இளஞ்சிவப்பு அடித்தால் போதும். திருகு துளைகளின் உட்சுவர், கேபின் கூரையின் அடிப்பக்கம், பெயின்ட் பெயர்ந்த முனைகள் மூன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இளஞ்சிவப்புக்கு அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தால் நான் வாங்க மாட்டேன். பெயின்ட் கெட்டியாக இருந்து, ரிவெட் தலைகள் மழுங்கித் தெரிந்தாலும் அப்படியே. சந்தேகம் தீரவில்லை என்றால் அசல் ஒன்றை நேரில் பார்த்தவரை அழைத்துப்போங்கள். இந்த ஒரு என்ஜினைப் படத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

எண்ணே அச்சாகாத என்ஜின் வைத்திருக்கிறேன். தொழிற்சாலைத் தவறு என்றால் விலை கூடுமா?

கூடும், தொழிற்சாலைத் தவறாக இருந்தால். துடைத்துத் துடைத்து அழிந்ததாக இருந்தால் கூடாது. ரப்பர் முத்திரை ஈரத்துணியிலேயே போய்விடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்டின் பளபளப்பு சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கு மட்டும் மின்னினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

திருகாணிகளைப் பார்த்து என்ன தெரியும்?

யார் கை பட்டிருக்கிறது என்று தெரியும். திருகாணித் தலையின் பள்ளம் கூர்மையாக இருந்து, அதைச் சுற்றி பெயின்ட் உடையாமல் இருந்தால் உள்ளே யாரும் போகவில்லை. பள்ளம் சிதைந்திருந்தால் திறந்திருக்கிறார்கள். பழுது பார்க்கவும் திறந்திருக்கலாம், ஆகவே இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

அட்டைப்பெட்டி இருந்தால் வருடம் உறுதியா?

பெட்டி என்ஜினை விடச் சுலபமாக இடம் மாறும். ஆனாலும் நல்ல சாட்சி. பெட்டியின் முனை மடிப்பில் எண் இருக்கும். உள்ளே இருக்கும் என்ஜினின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டியோடு வரும் விளக்கத் தாளின் மூலையில் பல சமயம் மாதமும் வருடமும் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

1952 பெட்டிகளில் 'ஓபிஎஸ்' என்ற விலைக் குறியைப் பார்க்கலாம். கொரியப் போர்க்கால விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் சுருக்கம் அது. காந்தமில்லாத 726ஆர்ஆர் ஒன்று, ஓபிஎஸ் குறி உள்ள பெட்டியில் என் கைக்கு வந்தபோது, என்ஜினும் பெட்டியும் ஒரே போரைப் பற்றிப் பேசின. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது மறு அச்சுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. புற ஊதா விளக்கில் புதுத் தாள் பெரும்பாலும் நீலவெள்ளையாக ஒளிரும். 40-களின் தாள் மங்கலாகவே இருக்கும்.

உலோகம் வெடித்து வீங்கியிருக்கிறது. இது என்ன?

துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் கலந்தால் வரும் நோய். போருக்கு முந்தைய என்ஜின்களில் அதிகம், பிந்தையவற்றில் குறைவு. குணப்படுத்த முடியாது. சக்கரங்களிலும் வளைவுகளிலும் மயிரிழை விரிசல் தெரிந்தால் வாங்காமல் இருப்பது நல்லது.

சுத்தம் செய்யலாமா?

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பெயின்ட் திடமாக இருந்தால் மட்டும், லேசாக நனைத்த துணியால் பாய்லரை ஒற்றி எடுங்கள். எழுத்து இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். மெருகு, தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியை மாற்றினால் விற்கும்போது மாற்றியதைச் சொல்லுங்கள்.

சி-6, சி-8 என்று போடுகிறார்களே?

1954-ல் தொடங்கிய ட்ரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷனின் தர அளவு அது. பென்சில்வேனியாவில் ஸ்ட்ராஸ்பர்கில் அவர்களுடைய பொம்மை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சி-5 நல்ல நிலை, சி-6 மிக நல்ல நிலை, சி-7 அருமை, சி-8 புதிது போல், சி-10 என்றால் கை படாத புதிது. இது நிலையைச் சொல்கிறதே தவிர வேரியேஷனைச் சொல்லாது. கைக்குக் கை மாறி சி-5-க்கு வந்துவிட்ட 1950-ன் 773, பளபளக்கும் 1964-ஐ விட எனக்கு உயர்ந்தது.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் பழைய லயனல் டிரான்ஸ்ஃபார்மரை நம் சுவரில் நேராகச் செருகாதீர்கள். அது 110 வோல்ட், 60 சுழற்சிக்குச் செய்தது. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. 230-ஐ 110 ஆக்கும் கருவி வைத்தாலும் சுழற்சி குறைவதால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தை விடச் சூடாகும். கையை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். பழைய மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். என்ஜினுக்குப் போவது மாறுமின்சாரம்தான். விசிலுக்கு மட்டும் அதன்மேல் கொஞ்சம் நேர்மின்சாரம் ஏற்றுவார்கள். அதனால் சாதாரண மாற்று டிரான்ஸ்ஃபார்மரில் ரயில் ஓடும், விசில் ஊதாது. விசில் கெட்டுவிட்டது என்று டெண்டரைத் திறந்துவிடாதீர்கள்.